ஆள் குறைந்த மலை

குரங்கணியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் "அங்கே கூட்டமே இருக்காது" என்று சொல்லிவிடுகிறார். மூணாறுச் சாலையில் காருக்குள் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் சொல்கிறார்கள். போடிநாயக்கனூரில் பிறந்து சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்கள், தங்கள் ஊருக்குப் பின்னால் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்ற பெருமையோடு சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். வார நாளில் போனால் பேருந்து திரும்பும் இடத்தில் நாலைந்து பேர் நிற்பார்கள்; மேலே ஏறினால் அதுவும் இல்லை. உண்மை என்பதாலேயே அந்தச் சொல் எனக்குள் ஒரு நெருடலாகத் தங்கிவிட்டது. ஓர் ஊரில் கூட்டம் இல்லை என்பது அந்த ஊரின் குணமா, அந்த ஊருக்கு நேர்ந்ததா? ஓடையில் தண்ணீர் வருவதுபோல அங்கே அமைதியும் தானாக ஊறிக்கொண்டிருக்கிறதா? நாம் போய் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு திரும்புகிற அந்த நிசப்தத்துக்கு யாரோ, எப்போதோ, ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டுமே என்ற எண்ணம் வந்தபிறகு, அந்த மலையில் என்னால் பழையபடி உட்கார முடியவில்லை.

போடியிலிருந்து குரங்கணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். கொட்டகுடி ஆற்றை ஒட்டியே சாலை போகிறது. இருபுறமும் மாந்தோப்பு, புளி, நடுநடுவே இலவமரங்கள். மூன்று பக்கமும் மலை எழுந்து நிற்கிற இடத்தில் சாலை முடிகிறது. அதற்கு மேல் சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன், முட்டம், கொழுக்குமலை என்று கால்நடைப் பாதைகள் பிரிகின்றன. ரேஷன் அரிசியிலிருந்து சிமெண்ட் மூட்டை வரை தலையிலோ குதிரை முதுகிலோதான் மேலே ஏறுகிறது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படியே. மத்தியான வேளையில் இந்த முடிவிடத்தில் நின்றால், முதலில் ஒன்றும் கேட்காததுபோல் இருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் ஒவ்வொன்றாக வரும்: பாறை இடுக்கில் ஆறு புகும் சத்தம், மூங்கில் ஒன்றோடொன்று உரசுவது, எங்கோ ஒரு வீட்டில் ஆள் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. அந்த வேளையில் ஒரு திண்ணையில் வயதான பெண்மணி ஒருவர் இலவங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். காய்ந்த நெற்றைக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டி, பிளவில் கட்டைவிரலை விட்டுப் பிரித்து, பஞ்சை ஒரு பக்கமும் தோட்டை ஒரு பக்கமும் எறிந்துகொண்டே இருந்தார். புருவத்திலும் காதோர நரையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. எது முடி, எது பஞ்சு என்று பிரிக்க முடியவில்லை. தோடு கட்டைவிரல் நகத்தின் அடியில் குத்தாமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். "ஊரு ரொம்ப அமைதியா இருக்குல்ல, பெரியம்மா?" என்று கேட்டேன். பேச்சுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமே என்று கேட்டதுதான். கையை நிறுத்தாமலே சொன்னார்: "ஆளு இல்லைன்னா அமைதியாத்தேன் இருக்கும், தம்பி." பிறகு, கேட்காமலே, யார் யார் எங்கே என்று சொல்லிக்கொண்டு போனார். மூத்தவன் குடும்பத்தோடு திருப்பூரில், பனியன் கம்பெனியில். இளையவன் கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில். மகளைப் பூப்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் மேலே தோட்டத்தில் காவல். வாரத்துக்கு ஒரு தடவை இறங்குவார். "அடுத்த வீட்டு ஆளுக காய் எடுக்கப் போயிருக்குக. சாயங்காலம் இருந்து பாருங்க, எம்புட்டுச் சத்தம்னு தெரியும்."

நான் அமைதி என்று நினைத்தது, வேலை நேரம். இதைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்ததுபோல் தோன்றும்; எனக்கு அங்கேதான் தொடங்கியது. வேலைக்குப் போன ஆட்கள் எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த மத்தியானத்தின் எடையே மாறிவிடுகிறது. ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. ஆளுயரத் தட்டைகள் மேலே விரிந்து நிற்க, அடித்தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில்தான் பூவும் காயும். எடுப்பவர் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு, ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு உட்கார்ந்த வாக்கிலேயே நகர வேண்டும். ஒரே சரத்தில் முற்றியதும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பூவும் இருக்கும். முற்றியதை மட்டும் கிள்ளிவிட்டு மற்றதை அசையாமல் விட வேண்டும். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து அதே சரத்துக்குத் திரும்பி வர வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை மாசி வரை இப்படிச் சுற்று சுற்றாக ஓடும். பாதி நாள் மழை. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அட்டை ஏறாமல் இருக்கக் காலில் எதையாவது தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் எடுத்தால் உலர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். போடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து விடிவதற்குள் கிளம்பும் ஜீப்புகள், போடிமெட்டு வளைவுகளில் ஏறி, எல்லை தாண்டி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் பெண்களை இறக்கிவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புகின்றன. அந்த ஜீப்பின் பின்பகுதியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவர்கள் பேசும் பேச்சு இருக்கிறதே, மொத்த மலையும் கேட்கும். சுற்றுலா வருபவர் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் அந்தச் சத்தம் மலையைக் கடந்துவிடுகிறது. அவர் கேட்பது மிச்சம்.

இந்தச் சரிவுகள் ஒரு காலத்தில் எவ்வளவு இரைச்சலோடு இருந்தன என்பதை இன்றைக்கு அங்கே நின்று யோசிப்பது கடினம். மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள், மாடுகள் இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகல ரயில் பாதையாக மாறியது. நீராவி எஞ்சின் வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து கம்பிக்கயிற்றில் தொங்கியபடி இந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஐந்து கிலோமீட்டர் வந்து, கொட்டகுடியில் இறங்கின. வெள்ளைக்காரர் ஏட்டில் இந்த அடிவாரம் 'பாட்டம் ஸ்டேஷன்'. இங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு ரயில், துறைமுகம், லண்டன். சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்ற பெயர்களைக் கேட்டு ரயில் நிலையத்தைத் தேடும் வெளியூர்க்காரர்களுக்கு மலைக்காரர்கள் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். 1924 ஜூலையில் பெய்த பெருமழை, கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று பேசப்படுவது, குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. அதை மறுபடியும் போடவில்லை. சரக்கு வேறு வழி பார்த்துக்கொண்டது. பிற்பாடு கம்பிக்கயிறும் ஓய்ந்தது. பாதையோரப் புதரில் ஒரு கல்மேடையைக் காட்டி, "விஞ்சு இருந்த இடம்" என்று ஒருவர் சொன்னார். அதில் புதைந்திருந்த இரும்பு ஆணியைக் கையால் தொட்டேன். துரு உள்ளங்கையில் ஒட்டியது. ஆற்றில் கழுவியும் கோடுகளில் நின்றது. அந்த ஆணியைச் சுற்றிச் சுமைதூக்கிகள், தச்சர்கள், மாடு பிடிப்பவர்கள், கணக்கெழுதுபவர்கள், சோற்றுக்கடைக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். குரங்கணி ஒரு மூலை அல்ல. ஒரு காலத்தில் அது வழி. வழி வேறு பக்கம் திரும்பியதால் மூலையானது. நாம் அதைத் 'தீண்டப்படாத இயற்கை' என்கிறோம். தீண்டி, சக்கையாக்கி, விட்டுப்போன இடம் அது.

மலை என்றால் அமைதி என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நம் பழைய பாட்டுகளில் குறிஞ்சி நிலம் அமைதியாக இருந்ததே இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள பூக்களின் நீண்ட பட்டியலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் தினைப்புனத்தில் இருந்ததற்குக் காரணம் கிளியை விரட்டுவது. தட்டை, குளிர், தழல் என்று சத்தம் எழுப்பவே கருவிகள் வைத்திருந்தார்கள். பரண் மேல் நின்று கூவுகிறார்கள், ஆண்கள் யானையைப் பறையடித்து ஓட்டுகிறார்கள், அருவி இரைகிறது, வெறியாட்டில் இரவெல்லாம் முழவு. தலைவனும் தலைவியும் சந்திப்பதே இந்த வேலைச் சத்தத்தின் மறைவில்தான். சத்தம் நின்றுவிட்டால், தினை அறுத்தாயிற்று, இனி அவளைப் புனத்துக்கு அனுப்ப மாட்டார்கள் என்று பொருள். அங்கே அமைதி பிரிவின் அறிகுறியாக வருகிறது. ஆக, நிசப்தமான மலை நம் மரபின் சொத்து இல்லை. அது சமவெளியின் வெக்கையைத் தாங்க முடியாத அதிகாரிகள் கோடையில் ஏறிப்போய்க் கட்டிய பங்களாவின் வராந்தாவிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த வராந்தா அமைதியாக இருக்க வேண்டுமானால், சுமப்பவர்களும் சமைப்பவர்களும் பின்கட்டில் இருக்க வேண்டும். அந்தப் பார்வையை நாம் வாங்கி நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம் என்று சொன்னால் நண்பர்கள் கோபப்படுகிறார்கள். நகரத்தில் நாள் முழுக்கக் காது அடைத்துக் கிடப்பவன் இரண்டு நாள் நிம்மதியைத் தேடுவது குற்றமா என்று கேட்கிறார்கள். குற்றம் இல்லை. அந்தத் தேவை எனக்கும் இருக்கிறது; நிஜமான தேவை. ஆனால் அவன் தேடி வருகிற நிம்மதியும், அந்தத் திண்ணைப் பெரியம்மாவின் மகன் திருப்பூரில் தையல் இயந்திரங்களின் இரைச்சலில் உட்கார்ந்திருப்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

இது போடி மலைக்கு மட்டும் உரிய விஷயமில்லை. கிரேக்க நாட்டின் கிழக்குக் கோடியில், துருக்கிக் கரைக்கு மிக அருகில், காஸ்டெலோரிசோ என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத அமைதியான கிரேக்கத் தீவுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதன் பெயர் வந்துவிடும். வண்ணம் பூசிய வீடுகள் துறைமுகத்தைச் சுற்றி நிற்கும் படங்களைப் பார்த்து, போக வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். வாசிக்க வாசிக்க ஆசை வேறொன்றாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆயிரம் பேர் வாழ்ந்த, கப்பல் வணிகத்தில் செழித்த தீவு அது. ஆட்சிகள் கை மாறின, எதிர்க்கரையோடு இருந்த வணிகம் அறுந்தது, ஆட்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தது. மிச்சமிருந்தவர்களைப் பிரிட்டிஷார் காஸாவுக்கு அழைத்துப் போனார்கள். காலியான வீடுகள் தீயில் எரிந்தன. 1945-இல் ஊர் திரும்பியவர்களின் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து, பலர் ஊரைப் பார்க்காமலே இறந்தார்கள். இன்றைக்கு அங்கே சில நூறு பேர்தான். சிட்னியிலும் பெர்த்திலும் அதைவிடப் பல மடங்கு காஸ்டெலோரிசோக்காரர்கள் இருக்கிறார்கள். 1991-இல் வெளியான 'மெடிடரேனியோ' என்ற இத்தாலியப் படத்தை அந்தத் தீவில் எடுத்தார்கள், ஆஸ்கர் கிடைத்தது, அதன்பிறகு அந்தப் படத்தின் தீவைப் பார்க்க இத்தாலியர்கள் வரத் தொடங்கினார்கள். 2010-இல் பிரபு சாலமனின் 'மைனா' குரங்கணிப் பக்கத்தில் எடுக்கப்பட்டு ஓடியபிறகு, படத்தில் வரும் வீட்டையும் சரிவையும் தேடி இளைஞர்கள் பைக்கில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊர்களையும் ஒரே தராசில் வைக்க நான் விரும்பவில்லை. போர் வேறு, பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது வேறு. ஆனால் ஆட்கள் கிளம்பிப்போன இடத்தில் விழும் அமைதி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எங்கும் ஒரே மாதிரி அழகாகத்தான் தெரிகிறது. படம் எடுப்பவரின் கண்ணுக்கும் அது முதலில் அழகாகத்தான் படும்.

குரங்கணிக்கு அந்த அழகைத் தேடி வந்தவர்களில் சிலர் திரும்பவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்திருந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் இளம் வயதினர், பெண்கள் அதிகம். மாசிக் கடைசியில் அந்தச் சரிவில் புல் இடுப்புயரம் நிற்கும். நிறம் வைக்கோல், தொட்டால் முறியும். அந்தப் புல்லில் அன்று தீ பற்றியது. மலைச் சரிவில் தீ கீழிருந்து மேலே போகும்போதுதான் மிக வேகம். முன்னால் இருக்கும் புல்லைத் தன் வெப்பத்தாலேயே உலர்த்திக்கொண்டு ஏறும். காற்றும் சேர்ந்துகொண்டால் ஓடுகிற மனிதனால் அதை முந்த முடியாது. சிலர் அங்கேயே இறந்தார்கள்; அடுத்தடுத்த வாரங்களில் மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 23 பேர். ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்னால், அழைப்பு கேட்டு முதலில் மேலேறி ஓடியவர்கள் குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து மலைக்காரர்களும் தோட்டத் தொழிலாளிகளும்தான். போர்வையில் கிடத்தி, கம்பில் கட்டி, இருட்டில் இறக்கினார்கள். அதில் பங்கெடுத்த ஒருவரிடம் பின்னொரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். தண்ணி கேட்டார்கள், கொடுத்தோம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, பேச்சை மிளகு விலைக்குத் திருப்பினார். அதற்கு மேல் கேட்பதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்தத் தீயை யார் மேல் ஏற்றுவது என்று அன்று நடந்த பேச்சுகள் எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. அனுமதி வாங்கினார்களா, யார் அழைத்து வந்தது, வனத்துறை என்ன செய்தது என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான், விசாரணை நடந்தது, அதே ஆண்டு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளும் வந்தன. என் மனத்தில் நிற்பது வேறு ஒன்று. சுமை தூக்குபவர்கள் தினமும் மேலும் கீழும் நடந்த காலத்தில் அந்தப் பாதை எப்படி இருந்திருக்கும்? மிதிபட்ட மண்ணில் புல் நிற்காது. மேய்ச்சலுக்கு மாடு ஏறும் சரிவில் புல் இடுப்பளவு வளராது. எங்கே ஒதுங்கலாம், எந்தப் பாறையில் ஏறி நின்றால் தீ தாண்டிப் போய்விடும் என்று அறிந்த கால்கள் அந்தப் பாதையில் எந்நேரமும் இருந்திருக்கும். ஆள் குறையக் குறையப் பாதை குறுகியது, புல் உயர்ந்தது. நாம் கொண்டாடிய தனிமைக்கும் அந்த நாளுக்கும் இடையே இப்படி ஒரு கோடு போகிறதோ என்று நினைக்கிறேன். இதை நிரூபிக்க என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. காட்டுத்தீக்குப் பல காரணங்கள் உண்டு, மேய்ச்சலே காட்டுக்குக் கேடு என்று சொல்பவர்களும் உண்டு; அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் புல்லின் உயரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதில் நடக்காமல் போன கால்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். இந்த மலைத்தொடரில் வாழும் முதுவர்கள், தாங்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். கண்ணகியின் தீக்குப் பிறகு நகரை விட்டுப் பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறினோம் என்பது அவர்களிடையே வழங்கும் கதைகளில் ஒன்று. எரிந்த நகரத்திலிருந்து மலைக்கு வந்தவர்களின் சந்ததி அந்த இரவில் நகரத்துப் பிள்ளைகளுக்காக ஏறி ஓடியது. அதை நினைத்துக்கொண்டு சும்மா இருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தீக்குப் பிறகு சில வருடங்கள் குரங்கணி இன்னும் அமைதியானது. பாதைகளுக்குத் தடை. வார இறுதியில் டீக்கடைகளில் ஓடிய வியாபாரம் நின்றது. பயணிகளுக்குச் சமைத்துப் போட்டு நாலு காசு பார்த்த வீடுகள் மறுபடியும் தோட்ட வேலைக்குத் திரும்பின. அதே 2018-இல், ஆகஸ்டுக்குப் பிறகு, கொழுக்குமலைப் பக்கம் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது. கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்து பார்த்தவர்கள் உண்டு. கொழுக்குமலை தமிழ்நாட்டில் இருக்கிறது, வண்டிப் பாதை கேரளத்திலிருந்துதான். இந்தப் பக்கத்து அடிவாரத்துக்காரர்களுக்கு அந்தக் கூட்டத்தால் ஒரு டீ கூட விற்கவில்லை. 2024-இல் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்தது; அதில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரை ஒரு பாதை. முன்பதிவு, எண்ணிக்கைக் கட்டுப்பாடு, தீ பயம் உள்ள மாதங்களில் மூடுவது, உள்ளூர் இளைஞர்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைப்பது என்று ஏற்பாடு. இது எனக்குப் பிடித்திருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். வழிகாட்டியாக வரும் பையன் இந்த மலையில் பிறந்தவன் என்றால், வருபவருக்கு அந்த நிசப்தத்தின் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவேளை தெரியவரும். இந்த மரத்தடியில் என் தாத்தா சுமை இறக்கி வைப்பார், இந்தத் திருப்பத்தில் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள் என்று அவன் சொல்வான். சொல்ல விட வேண்டும். ஆனால் வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் நெட்வொர்க் எங்கே கிடைக்கும், படம் எடுக்க எந்த இடம் நல்லது என்பதே. பையனும் அதைப் பழகிக்கொள்வான். கூட்டமில்லாத இடத்தைக் கூட்டமில்லாததாகவே விற்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் அவன் தன் சொந்த ஊரின் சத்தத்தை மறைக்கக் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

போடியில் ஏலக்காய் ஏலம் நடப்பதைப் பல வருடங்களுக்கு முன்பு பார்த்தவர்கள், கூடத்தில் விலை கூவும் சத்தம் தெரு வரை வரும் என்பார்கள். 2007-இல் மின்னணு ஏலம் வந்தபிறகு வியாபாரிகள் திரை முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். மாதிரிக் காய் ஒவ்வொருவர் முன்னாலும் வரும். உள்ளங்கையில் கொட்டி, உருட்டி, ஒன்றைப் பிளந்து விதையின் கறுப்பைப் பார்த்து, முகர்ந்துவிட்டு, எண்ணை ஏற்றுகிறார்கள். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியதும், இரண்டே வருடத்தில் ஆயிரத்துக்குப் பக்கம் விழுந்ததும் இப்படிப்பட்ட திரைகளில்தான். விலை உயர்ந்த மாதங்களில் கூலியும் அதே அளவு உயர்ந்ததா என்று காய் எடுப்பவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சத்தமில்லாமல் நடக்கும் விஷயங்களின் மேல் எனக்கு வந்திருக்கும் சந்தேகத்துக்கு இதுவும் ஒரு காரணம். வெளியே ரயிலின் சத்தம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்திய ரயில், பன்னிரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தபின், 2023 ஜூனில் போடிக்கு மறுபடியும் வந்தது. முதல் நாள் ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தில் வயதானவர்கள் எஞ்சினைப் பார்த்துக் கும்பிட்டதை நான் மறக்க மாட்டேன்.

இப்போது பேச வேண்டியது சாலையைப் பற்றி. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வனத்துக்குள் போகும் சாலை, அனுமதி எளிதல்ல. வந்தால் போடியிலிருந்து மூணாறுக்குத் தூரம் வெகுவாகக் குறையும். அப்படிக் குறைந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: சனிக்கிழமை காலையில் மதுரையிலிருந்து கிளம்பும் கார்கள் வரிசையாக இந்த வழியில் ஏறும், சென்ட்ரல் ஸ்டேஷனில் மேகி விற்கும் கடைகள் முளைக்கும், யாரோ நிலம் வாங்கிக் கண்ணாடி அறைகள் கட்டுவார்கள், யானை தன் வழியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். காட்டை நேசிக்கும் நண்பர்கள் இந்தச் சாலை கூடவே கூடாது என்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்தையும் நான் ஒப்புக்கொள்கிறேன். எதிர்த்துச் சொல்ல எனக்குக் கிடைத்தது ஒரே ஒருவரின் பேச்சு. சென்ட்ரலுக்குக் குதிரையில் மூட்டை ஏற்றுகிறவர் அவர். சாலை வந்தால் முதலில் போவது அவருடைய பிழைப்பு. அதைத்தான் அவரிடம் கேட்டேன். குதிரையின் முதுகில் சேணம் உரசிய இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்: "என் பொழப்பு போனாப் போகட்டும்ணே. பிள்ளத்தாச்சியக் கம்புல கட்டித் தூக்கிட்டு இறங்குனா, ஒவ்வொரு எட்டுக்கும் உசுரு போய் உசுரு வரும். மழைக்குள்ள இறங்கிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க." நான் மழையில் இறங்கிப் பார்த்ததில்லை. காட்டைக் காப்பதற்காக அந்தக் கம்பை அவர் தோள் மீதே விட்டுவைக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. என் நிம்மதிக்காகச் சொல்லும் உரிமை நிச்சயமாக இல்லை. கார்கள் போகாத, ஒரு ஆம்புலன்ஸும் ஒரு சின்னப் பேருந்தும் மட்டும் போகிற சாலை ஒன்று சாத்தியமா, மூணாறு வரை இழுக்காமல் சென்ட்ரலோடு நிற்கிற சாலையை யாராவது போடுவார்களா என்று சில அதிகாரிகளிடம் கேட்டுப் பார்த்தேன். போக்குவரத்து எண்ணிக்கை இல்லாமல் சாலைக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள் என்றார்கள். இருநூறு பேருக்கு ஒரு சாலை என்று கேட்க வேறு கணக்கு வேண்டும். 2030-இல் குறிஞ்சி மறுபடி பூக்கும். எண்ணிக்கை தேடுபவர்கள் அதற்கு முன்னால் வந்துவிடுவார்கள். அந்தக் கணக்கைச் சென்ட்ரல்காரர்களோடு உட்கார்ந்து அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அந்த அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன்.